கை கால் நல்லாத்தானே இருக்கு?

உழைத்தால்தான் சோறு என்பது நம் தோட்டத்து மக்களுக்கு யாரும் கரும்பலகையில் எழுதிச் சொல்லிக் கொடுத்த பாடம் அல்ல. விடியும் முன்பே எழுந்து, பெரட்டுக்கு நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கியவர்கள் நாம். மழை பிடித்துக்கொண்டால் அன்றைக்குப் பேர் இல்லை. பேர் இல்லை என்றால் சம்பள நாளில் கையில் விழுவதும் குறையும். கடைக்காரரின் கணக்குப் புத்தகம் மட்டும் மழைக்காக நிற்காது. இப்படி வாழ்ந்த ஒருவர், திடகாத்திரமான ஒரு மனிதர் உழைக்காமல் உட்கார்ந்து சாப்பிடுவதைக் கண்டால் என்ன நினைப்பார்? என் தாயார் நினைத்ததைத்தான் தலைப்பாகப் போட்டிருக்கிறேன்.

அவர் அதைக் கேட்ட இடம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள பௌத்த மகா விகாரை. உங்களில் பலர் அந்த வழியாகப் போயிருப்பீர்கள். ஜாலான் பெர்ஹாலா என்பது அந்தச் சாலையின் பெயர். பெர்ஹாலா என்றால் மலாய் மொழியில் வழிபாட்டுச் சிலை. நம்முடைய ஸ்ரீ சக்தி விநாயகர் கோயிலும் அதே சாலையில்தான் இருக்கிறது. பிழைப்புக்காக இலங்கையிலிருந்து வந்த சிங்களவர்கள் 1894-ஆம் ஆண்டில் ஒரு சங்கம் அமைத்து, அதன் வழியாக உண்டாக்கிய விகாரை இது. இன்று அங்கே சீனர்களைத்தான் அதிகம் காணலாம். ஆனாலும் சிங்கள வழக்கம் மாறவில்லை.

1984-ல் என் தகப்பனார் இறந்த பிறகு, தாயாரைப் பந்திங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். முப்பத்தெட்டு வருடம் பால்மரம் வெட்டிய கை அது. பட்டணத்து வீட்டில் அந்தக் கைக்கு வேலை கிடைக்கவில்லை. நாலு மணிக்கு எழுந்து, விளக்கைப் போடாமல், இருட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முந்தின இரவே கழுவிக் கவிழ்த்த சட்டி பானைகளை மறுபடியும் எடுத்துத் தேய்ப்பார். அதைச் செய்யாமல் தட்டில் கை வைக்க மாட்டார். மருமகன் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறோம் என்ற எண்ணம் அவரை அரித்துக்கொண்டே இருந்தது. "நீங்க சும்மா இருங்கம்மா" என்று என் வீட்டுக்காரர் அன்பாகச் சொன்ன வார்த்தைதான் அவருக்கு மிகவும் வலித்தது. சும்மா இருப்பது என்றால் தோட்டத்தில் வேறு அர்த்தம் அல்லவா?

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு சிங்கள அம்மா இருந்தார். தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிங்களத்திலும் மூத்தவளுக்கு அக்கா என்றுதான் பெயர். ஆகவே தெருவே அவரை அக்கா என்று அழைத்தது. தன் கணவரின் நினைவு நாளில் விகாரையில் தானம் கொடுக்கப் போவதாகவும், சமையலுக்குக் கை வேண்டும் என்றும் அவர் வந்து கேட்டார். வேலை என்றவுடன் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தானம் நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். சமைத்ததில் முதல் பங்கு, சிறு சிறு கிண்ணங்களில், புத்தர் சந்நிதிக்குப் போகிறது. பிறகு பிக்குகள் வரிசையாக அமர்கிறார்கள். வீட்டார் முழந்தாளிட்டு, ஒவ்வொரு பாத்திரத்தையும் இரண்டு கையாலும் ஏந்திக் கொடுக்கிறார்கள். பிக்கு வாங்கிக்கொள்கிறார். "நன்றி" என்று சொல்வதில்லை. நன்றாயிருக்கிறது, உப்பு குறைவு என்ற பேச்சும் இல்லை. சாப்பிட்டு முடிந்ததும் பாலி மொழியில் ஓதி ஆசி கூறுகிறார்கள். கொடுத்தவர்கள் "சாது, சாது, சாது" என்று சொல்லி வணங்குகிறார்கள். எல்லாம் நண்பகலுக்கு முன் முடிந்துவிட வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்கள் பந்தி.

அம்மா மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் கடைசியாக இருந்த பிக்கு சின்ன வயசுக்காரர், நல்ல தோள். அவரைக் காட்டித்தான் என் காதில் கேட்டார்: "ஏம் புள்ள, இந்தச் சாமிக்குக் கை கால் நல்லாத்தானே இருக்கு? வேலை செஞ்சு சாப்பிட்டா என்ன?" மெதுவாகக் கேட்பதாக அவர் நினைப்பு. மரத்துக்கு மரம் கூப்பிட்டுப் பேசிய குரல் ஆயிற்றே! அக்காவுக்கும் கேட்டுவிட்டது.

அக்கா கோபப்படவில்லை. சாயங்காலம் தேநீரோடு எங்கள் வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். அவருடைய தமிழ் மலாய் கலந்த மழலைத் தமிழ். அதை நான் இங்கே என் தமிழில் தருகிறேன்.

"அவர் வேலை செய்யக் கூடாது என்று சட்டம் இருக்கிறது" என்றார் அக்கா. பிக்குவுக்கு 227 விதிகள். அவற்றில் சிலதைக் கேளுங்கள். மண்ணைத் தோண்டக் கூடாது. ஆகவே விவசாயம் செய்ய முடியாது. செடி கொடியை வெட்டக் கூடாது, காயைப் பறிக்கக் கூடாது. பொன்னும் வெள்ளியும் வாங்கக் கூடாது. இன்று கிடைத்த உணவை நாளைக்கு எடுத்து வைக்கக் கூடாது. எல்லாவற்றையும் விட எனக்கு வியப்பாக இருந்தது இது: தண்ணீரும் பல் குச்சியும் தவிர வேறு எதையும், ஒருவர் கையால் கொடுக்காமல், தானாக எடுத்து வாயில் போடக் கூடாது. மேசையில் வாழைப்பழம் இருக்கும். பசியும் இருக்கும். யாராவது எடுத்து நீட்டினால்தான் உண்டு.

இந்தக் காலத்தில் எல்லா ஊரிலும் எல்லா பிக்குகளும் இவ்வளவையும் அப்படியே காப்பாற்றுகிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பணத்தைத் தொடுபவர்கள் உண்டு. காவி கட்டிக்கொண்டு கடைத்தெருவில் கிண்ணம் நீட்டும் போலிகளும் நம் நாட்டுப் பட்டணங்களில் உண்டு. காலையில் பிச்சைக்கு வருவதுதான் முறை. பிற்பகலில் ஒருவர் வந்து காசு கேட்டால் அவர் யார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். நான் சொல்வது விதி எப்படி அமைந்திருக்கிறது என்பதை. பிக்கு ஒரு நாள்கூட மக்களை விட்டு விலகி வாழ முடியாதபடி அது கட்டப்பட்டிருக்கிறது. காட்டுக்குள் போய்த் தனியாகத் தவம் செய்யலாம்தான். ஆனால் பிச்சைக்கு நடந்து போகும் தூரத்தில் ஓர் ஊர் வேண்டும்.

"அதெல்லாம் சரி. உழைக்காம இருக்கிறதுக்கு ஒரு சட்டமா?" என்றார் அம்மா. அவ்வளவு சுலபத்தில் விடுகிறவரா அவர்!

அப்போது அக்கா சொன்ன கதை, பாலி நூல்களில் உள்ள பழைய கதை. மகத நாட்டில் ஏகநாளம் என்ற ஊர். அங்கே பாரத்துவாசன் என்ற உழவர், பெரிய நிலக்காரர். விதைப்புக் காலத்தில் 500 ஏர் பூட்டி உழவு நடக்கிறது. வேலையாட்களுக்குச் சாப்பாடு கொடுக்கும் நேரத்தில் புத்தர் கிண்ணத்தோடு வந்து ஓரமாக நிற்கிறார். உழவருக்குப் பொறுக்கவில்லை. நான் உழுகிறேன், விதைக்கிறேன், சாப்பிடுகிறேன். நீரும் உழுது விதைத்துச் சாப்பிடும் என்கிறார். பாருங்கள் வாசகர்களே, இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் உழவர் புத்தரையே நேருக்கு நேர் கேட்டதுதான் என் தாயாரும் கேட்டது. அந்தக் கேள்வியை அந்த நூல் மறைக்கவில்லை.

புத்தர், நானும் உழுகிறவன்தான் என்கிறார். உமது ஏரும் எருதும் எங்கே என்று உழவர் மடக்குகிறார். நம்பிக்கைதான் விதை, அறிவுதான் ஏர், விடா முயற்சிதான் எருது என்ற முறையில் புத்தர் விளக்குகிறார். உழவர் மனம் மாறிப் பெரிய பாத்திரத்தில் பாற்சோறு நிறைத்துக் கொண்டுவந்து நீட்டுகிறார்.

"சாப்பிட்டாரா?" என்றார் அம்மா.

சாப்பிடவில்லை. ஓதிக் காட்டியதற்குக் கூலியாக வரும் சோற்றை உண்பதில்லை என்று மறுத்துவிட்டார்.

அம்மா தேநீரைக் கீழே வைத்தார். ஏர், எருது விளக்கமெல்லாம் அவர் மனத்தில் பெரிதாக ஒட்டவில்லை என்பதை முகத்தில் பார்த்தேன். "பேச்சு" என்று அதைத் தள்ளிவிட்டிருப்பார். ஆனால் நீட்டிய சோற்றை வேண்டாம் என்று சொன்ன இடம் அவரைப் பிடித்துவிட்டது. "அப்போ அந்தச் சாமிக்கும் ரோஷம் இருந்திருக்கு" என்றார்.

அன்றிலிருந்து இருவரும் கூட்டாளிகள் ஆகிவிட்டார்கள். அக்கா கதை சொல்ல, அம்மா கேள்வி கேட்க, எனக்குத்தான் அடுப்படியில் வேலை ஓடாது. அவர்கள் பேச்சிலிருந்து நான் தெரிந்துகொண்ட ஒரு விஷயம், சங்கத்தில் இருந்து பழகிய நம் மக்களுக்கு மிகவும் பிடிக்கும் என்று நினைக்கிறேன். பிக்குகளின் விதிகளில் பல, மக்கள் முணுமுணுத்ததால் உண்டானவை. மழைக்காலத்திலும் இவர்கள் ஊர் ஊராக நடந்து பயிரையும் சின்ன உயிர்களையும் மிதிக்கிறார்களே, பறவைகூடக் கூடு கட்டிக்கொண்டு ஓரிடத்தில் இருக்கிறதே என்று மக்கள் குறை சொன்னார்கள். அதனால்தான் மழைக்கால மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கும் வழக்கம் வந்தது. நம் நாட்டிலும் ஜூலை பௌர்ணமியை அடுத்துத் தொடங்கி அக்டோபர் வரையில் அதைக் கடைப்பிடிக்கிறார்கள். முடிந்தபின் வரும் ஒரு மாதத்துக்குள் மக்கள் கூடிச் சீவரம் என்னும் ஆடையைக் கொடுப்பார்கள். கதினம் என்று அதற்குப் பெயர். தீபாவளி நேரத்தை ஒட்டி வரும்.

இன்னொன்று கோசம்பி நகரத்துக் கதை. கழிப்பறையில் பாத்திரத்தில் மிச்சத் தண்ணீரை ஊற்றாமல் விட்டது குற்றமா இல்லையா என்று இரண்டு பிக்குகளிடையே வழக்கு. சிரிக்காதீர்கள், நம் லயத்தில் தண்ணீர்க் குழாயடியில் நடக்காத சண்டையா? அது வளர்ந்து பிக்குகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கைகலப்பு வரை போய்விட்டது. புத்தரே சமாதானம் சொல்லியும் கேட்கவில்லை. அவர் அவர்களை விட்டுக் காட்டுக்குப் போய்விட்டார். கடைசியில் அவர்களைத் திருத்தியது யார் தெரியுமா? ஊர் மக்கள். இனி இவர்களைக் கண்டால் கும்பிடுவதில்லை, எழுந்து நிற்பதில்லை, சோறு போடுவதில்லை என்று கட்டுப்பாடு செய்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் பிக்குகள் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு சாவத்திக்கு ஓடி, புத்தர் முன்னிலையில் வழக்கைத் தீர்த்துக்கொண்டார்கள்.

இதைக் கேட்டு அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "ஸ்ட்ரைக்கு!" என்றார். மறுபக்கத்திலும் ஓர் ஆயுதம் உண்டு. பிக்குகளுக்குக் கேடு செய்கிற ஒருவரிடம் இனிப் பிச்சை வாங்குவதில்லை என்று சங்கம் கூடித் தீர்மானிக்கலாம். கிண்ணத்தைக் கவிழ்த்தல் என்று அதைச் சொல்வார்கள். உன் சோறு எனக்கு வேண்டாம் என்பது அவ்வளவு பெரிய தண்டனையாக இருந்திருக்கிறது!

நம் தமிழர்களுக்கும் இந்த வழக்கம் அந்நியம் அல்ல. மணிமேகலையின் கையில் இருந்த அமுதசுரபியைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். அது பௌத்தக் காப்பியத்தில் வரும் பிச்சைப் பாத்திரம். இன்னொரு தொடர்பு இந்த மண்ணுக்கே உரியது. கடாரம் என்று நம் முன்னோர் அழைத்த கெடாவுக்கும் அரசனாக இருந்த ஸ்ரீவிஜய மன்னன், நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரையைக் கட்டத் தொடங்கினான். அவன் மகன் அதை முடித்தான். அந்த விகாரைக்கு 1006-ஆம் ஆண்டளவில் ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்ததாக லெய்டன் செப்பேடு கூறுகிறது. சைவ அரசன், பௌத்த விகாரை! ஊர் வருவாய் இருந்தால் பிக்குவுக்குத் தினமும் வீட்டு வாசலில் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. அது வசதிதான். ஆனால் கோசம்பி மக்கள் செய்ததை ஆனைமங்கலத்து உழவர் செய்திருக்க முடியுமா என்பது என் சந்தேகம்.

பௌர்ணமி நாட்களில் வெள்ளை உடுத்திய பெண்கள் விகாரையில் எட்டுச் சீலம் எடுத்துக்கொள்வார்கள். தினமும் உள்ள ஐந்து இல்லறத்தாருக்குப் போதும்: கொல்லாமை, களவாடாமை, முறைகேடான உறவு கொள்ளாமை, பொய் பேசாமை, மது அருந்தாமை. (கடைசி ஒன்றை மட்டும் நம் தோட்டங்களில் கடைப்பிடித்திருந்தால் எத்தனை தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போகாமல் இருந்திருக்கும்!) எட்டு எடுத்தால் அன்று முழு பிரமசரியம். நண்பகலுக்குப் பின் உணவு இல்லை. ஆட்டம், பாட்டு, பூ, நகை இல்லை. உயர்ந்த மெத்தைப் படுக்கை இல்லை. ஒருநாள் துறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் பழையபடி மாமியார், மருமகள், மீன் குழம்பு.

அம்மா சீலம் எடுக்கவில்லை. அவர் கடைசி வரை மாரியம்மனைக் கும்பிட்டவர். யாரும் அவரை மாறச் சொல்லவும் இல்லை. அக்காலத்தில் அங்கே தலைமைத் தேரராக இருந்தவர் டாக்டர் கே. ஸ்ரீ தம்மானந்தா. 1952-ல் இலங்கையிலிருந்து வந்து, 2006-ல் மறையும் வரை இந்த நாட்டிலேயே தொண்டு செய்தவர். காசியில் இந்து சர்வகலாசாலையில் படித்தவர். அம்மா அவரைத் தூரத்தில் நின்று கும்பிடுவதோடு சரி. அம்மாவின் இடம் சமையற்கட்டு. "பொம்பளைச் சாமி கிடையாதா?" என்று மட்டும் அக்காவிடம் கேட்டார். பழங்காலத்தில் இருந்து, இலங்கை மரபில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போன பிக்குணி வரிசையைப் பற்றி அக்கா வருத்தத்தோடு சொன்னார். 1990-களின் கடைசியில் இலங்கைப் பெண்கள் மறுபடியும் அந்தத் தீட்சை பெறத் தொடங்கினார்கள். எல்லா மூத்த பிக்குகளும் அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அதைக் கேட்க அம்மா இல்லை.

1988-ல் குளியலறையில் விழுந்து அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு மூன்று மாதம் படுக்கை. சட்டி தேய்க்க முடியாது, பூண்டு உரிக்கக்கூட உட்கார முடியாது. அப்போதுதான் அவர் வாயை மூடிக்கொண்டார். கஞ்சியை நீட்டினால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். "வேலை செய்யாத வாய்க்கு எதுக்கு?" ஒரே பதில். நான் அழுதும் பார்த்தேன், அதட்டியும் பார்த்தேன். மூன்றாம் நாள் நாடி தளர்ந்துவிட்டது.

அக்கா வந்தார். கட்டில் பக்கத்தில், விகாரையில் உட்காருவதுபோல், தரையில் முழந்தாளிட்டார். கஞ்சிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தினார். நான் திடுக்கிட்டுப் போனேன். அக்கா எழுபதை நெருங்கியவர். அவர் ஒன்றும் பேசவில்லை. கை நடுங்கியது, ஆனாலும் இறக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அம்மா திரும்பிப் பார்த்தார். "எழுந்திரு, உனக்கு முட்டி வலி" என்றார்.

"நீ வாங்கினா எழுந்திருக்கிறேன்" என்றார் அக்கா.

"நான் சாமியா?"

"சாமி வாங்கினாத்தான் எனக்குப் புண்ணியமா? யார் சொன்னது?"

அம்மா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி வாங்கினார். நன்றி சொல்லவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்து, "உப்பே இல்லை புள்ள" என்றார். பிக்குகள் சொல்லக் கூடாததை இவர் சொல்லிவிட்டார் என்று அக்கா சிரித்தார்.

அதற்குப் பிறகு அம்மா நாலு வருடம் இருந்தார். கைத்தடியோடு தானத்துக்குப் போய்க் காய்கறி நறுக்கினார். போக முடியாத நாட்களில் வீட்டில் கொடுத்ததை வாங்கிச் சாப்பிட்டார். சட்டியைத் தேடிக்கொண்டு எழுந்திருக்கவில்லை. 1992-ல் இறந்தார். பதினாறாம் நாள் கருமாதியை நம் முறைப்படி செய்தோம். மூன்றாம் மாதம் அக்கா வந்து, தன் முறைப்படி அம்மா பேரில் ஒரு தானம் கொடுக்கலாமா என்று அனுமதி கேட்டார். நானும் என் தம்பியும் போனோம். பிக்குகள் ஓதும்போது எங்கள் இருவரையும் ஒரு கூஜாவைச் சேர்த்துப் பிடிக்கச் சொன்னார்கள். சின்னக் கிண்ணத்தில், அது நிரம்பித் தட்டில் வழியும் வரையில், நிறுத்தாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். செய்த தானத்தின் புண்ணியம் இறந்தவருக்குப் போய்ச் சேரட்டும் என்பதற்காக. எங்கள் கையோடு கையாக அக்காவும் கூஜாவைத் தொட்டுக்கொண்டு நின்றார். அவரும் இப்போது இல்லை.

விகாரையில் தானம் கொடுக்க நீங்கள் பௌத்தராக இருக்க வேண்டும் என்பதில்லை. சோறு, பருப்பு, இரண்டு கறி போதும், மாமிசம் வேண்டியதில்லை. முன்கூட்டியே அலுவலகத்தில் நாள் கேட்டுக்கொள்ளுங்கள். செருப்பை வெளியே விட்டு, தோள் மூடிய உடையில் போங்கள். பெண்கள் பிக்குவின் கையைத் தொடாமல் பாத்திரத்தை நீட்ட வேண்டும். சில இடங்களில் துணியை விரித்து அதன் மேல் வைக்கச் சொல்வார்கள். பதினோரு மணிக்கு முன்னதாகப் போய்ச் சேருங்கள். பிரிக்பீல்ட்ஸ் சாலை நெரிசல் உங்களுக்குத் தெரியும். நண்பகல் தாண்டினால் கொண்டுபோன சோற்றை நீங்களேதான் சாப்பிட வேண்டிவரும்.